மச்சான் கண்டுபிடித்த கோயில்

என் மனைவியின் அண்ணன் மலாயாவில் பத்து பாகாட் ஊரில் துணிக்கடை வைத்திருந்தார். நான் சிகாமட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. மச்சான் வருஷத்துக்கு ஒரு வாரம் எங்கள் வீட்டில் வந்து தங்குவார். அந்த வாரம் முழுக்க எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

அந்தத் தடவை யாரோ அவரிடம், மலைமேல் ஓர் அருவி இருக்கிறது, இரண்டு பக்கமும் செதுக்கிய கல்தூண்கள் நிற்கின்றன என்று சொல்லிவிட்டார்கள்.

"சோழ ராசா கட்டின கோயில் மாப்பிள்ளை. சந்தேகமே வேண்டாம்."

"நீங்க பாத்தீங்களா மச்சான்?"

"அதுக்குத்தானே போறோம்."

காட்டோரக் கிராமத்திலிருந்து, வழி தெரிந்த ஜாக்குன் என்ற காட்டுக்குடியைச் சேர்ந்த ஒருவர் முன்னால் நடந்தார். எவ்வளவோ சொல்லியும் மச்சான் வெள்ளை வேட்டியும் பம்ப் ஷூவுமாகத்தான் கிளம்பினார். இரண்டாவது ஓடையிலேயே ஒரு ஷூ போய்விட்டது. அட்டை கடித்தபோதெல்லாம், நான் வளர்த்த அட்டை போல என்னை முறைத்தார்.

தூண்கள் இருந்தது உண்மைதான். கன்னங்கரேலென்று, ஆறு பட்டையாக, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு தென்னைமர உயரத்துக்கு நின்றன. நடுவே தண்ணீர் கொட்டியது. நின்று பார்க்க எங்கே விட்டார்!

"சூடம் ஏத்துங்க மாப்பிள்ளை!"

"தீப்பெட்டி நனைஞ்சிருச்சு மச்சான்."

"உங்களை நம்பி வந்தேன் பாருங்க."

"பத்து சாஜா, துவான்" என்றார் ஜாக்குன்காரர். வெறும் கல்தானாம்.

"யாரு கட்டினதுன்னு கேளுங்க."

மலாயில் கேட்டேன். அவர் சிரித்தார். யாரும் கட்டவில்லை, அவருடைய தாத்தா காலத்துக்கு முன்பிருந்தே இப்படித்தான் நிற்கிறது என்றார்.

"பாத்தீங்களா! தாத்தா காலத்துக்கும் முந்தின கோயில்!"

கல்வெட்டு தேடிப் பாறையில் ஏறினார். பாசி வழுக்கியது. கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. நானும் ஜாக்குன்காரரும் மாற்றி மாற்றிச் சுமந்தோம். இறங்கும் வழியெல்லாம் என் முதுகிலிருந்தபடியே, கருவறை எந்தத் திசையில் இருந்திருக்கும் என்று விளக்கினார்.

இரண்டு நாள் கழித்துக் கங்காணி ஆபீசுக்கு வந்தார்.

"கிராணி ஐயா, அமாவாசைக்கு நாப்பது பேரு மலைக்குப் போறோம். நீங்க கூட்டிட்டுப் போவீங்கன்னு மச்சான் சொன்னாரு."

காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தேன். மனைவி நெற்றியைத் தொட்டுவிட்டு, "எங்க அண்ணன் வாக்குக் குடுத்திருக்காரு" என்று புளிசாதத்தைக் கட்டிக் கையில் கொடுத்தாள்.

போனேன். தேங்காய் உடைத்தார்கள், கும்பிட்டார்கள், குளித்தார்கள். ஜாக்குன்காரர் இந்த முறை குடும்பத்தையே வேடிக்கை பார்க்க அழைத்து வந்திருந்தார். கால்கட்டோடு எங்கள் வீட்டில் கிடந்த மச்சான், நான் திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "என் ஷூ கிடைச்சுதா மாப்பிள்ளை?"