பாறைச் சிலந்தியும் உப்புக்காரனும்

தொண்ணூறுகளின் நடுவில், வெளிநாட்டில், வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு சமையற்கூடத்தில் வேலை செய்தேன். கொம்பனிகளுக்கு மதியச் சாப்பாடு செய்து அனுப்புகிற இடம். என்னோடு சான்ட்விச் சுற்றுகிற தமிழ் அன்ரி ஒருவர் இருந்தார். மற்ற இருவரும் தென்னாபிரிக்க வெள்ளைக்காரர்கள். அடுப்பில் நின்றவர் அறுபதை நெருங்கிய ஒரு பெண்மணி. சாப்பாட்டை வான் வண்டியில் கொண்டுபோன சாரதிக்கு நாற்பது வயதிருக்கும். ஒரே நாட்டுக்காரர் என்றால் ஒட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

ஒருநாள் அன்ரி, மனேச்சர் எங்கே என்று கேட்டார்.

"கந்தோருக்குள்ளை இருக்கிறார், அன்ரி."

அந்தப் பெண்மணி அடுப்பை விட்டுத் திரும்பி, என்ன சொன்னாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒபீசை அப்படிச் சொல்வோம் என்றேன். தன்னுடைய ஆபிரிக்கான்ஸ் மொழியிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான் என்றார். எங்கள் நாட்டையும் அவருடைய நாட்டையும் ஒல்லாந்தர் ஆண்டவர்கள். சொல்லை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து என்னோடு பேசத் தொடங்கினார்.

வந்த வெள்ளிக்கிழமை எங்களுக்குத் தன் ஊர்ச் சாப்பாடு செய்தார். மசாலா போட்ட கொத்திறைச்சிக்கு மேல் முட்டையும் பாலும் அடித்து ஊற்றி அவணில் வைத்த 'பபூட்டி'. பக்கத்தில் மஞ்சள் சோறும் இரண்டு சின்னக் கிண்ணங்களும். ஒன்றைக் காட்டி "சம்பால்" என்றார், மற்றதை "அட்சார்" என்றார்.

அன்ரி என்னைப் பார்த்தார். "உவ எங்கடை சம்பலையும் அச்சாறையுமல்லோ சொல்லுறா."

ஒல்லாந்தர் கிழக்கு நாடுகளிலிருந்து தென்னாபிரிக்காவுக்குப் பிடித்துக்கொண்டு போன அடிமைகளின் சமையல் அது என்று அந்தப் பெண்மணி விளக்கினார்.

சாரதி எட்டிப் பார்த்தார். "பாறைச் சிலந்திச் சாப்பாடு," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தன் பார்சலோடு வானுக்குள் போய் இருந்தார். அந்தப் பெண்மணியின் முகம் சிவந்தது. ஆபிரிக்கான்ஸ் பேசுகிறவர்களை அங்கே ஆங்கிலம் பேசுகிற வெள்ளைக்காரர் அப்படித்தான் சொல்வார்களாம்.

"அப்ப நீங்கள் அவையை என்னெண்டு சொல்லுவியள்?" என்று கேட்டேன்.

"சௌட்டி," என்றார். உப்புக்காரன். ஒரு கால் இங்கிலாந்தில், மறுகால் ஆபிரிக்காவில். நடுவில் தொங்குவது கடலில் ஊறி உப்பேறிப் போகுமாம். அன்ரிக்குத் தமிழில் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகு அந்தப் பெண்மணி, உன் நாட்டின் மற்ற மொழி உனக்குத் தெரியுமா என்று கேட்டார். கொழும்பில் சில வருடம் வேலை செய்தவள் நான். சிங்களம் நன்றாக வரும்.

"தெரியும். கதைக்கிறேல்லை."

அவர் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

வெள்ளிக்கிழமை பபூட்டி வழக்கமாகிவிட்டது. சாரதி ஒருநாளும் தொடவில்லை. பிறகு அவருக்கு மேற்கே வேறு வேலை கிடைத்தது. அவருடைய கடைசி நாளும் ஒரு வெள்ளிதான். தொப்பியைக் கையில் பிடித்தபடி அடுப்படிக்கு வந்து, மெதுவாக ஏதோ சொன்னார். அது ஆங்கிலம் இல்லை.

அந்தப் பெண்மணி கரண்டியோடு திரும்பினார். அவ்வளவு காலமும் சாரதிக்குத் தன் மொழி தெரியாது என்றே நினைத்திருந்தார். ஆங்கிலத்தில் சொன்னார்: "வினைச்சொல் பிழையான இடத்தில் நிற்கிறது."

சாரதி கொஞ்சம் யோசித்துத் திரும்பச் சொன்னார். இந்த முறை அந்தப் பெண்மணி தன் மொழியிலேயே பதில் சொல்லி, மிஞ்சியிருந்ததை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு, சம்பலையும் அச்சாறையும் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தார்.

சாரதி போன பிறகு, என்ன கேட்டவர் என்று விசாரித்தேன். சின்ன வயதில் வீட்டுச் சமையற்காரி இதைச் செய்து கொடுப்பாராம். கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டாராம். மொழி பள்ளிக்கூடத்தில் கட்டாயத்துக்குப் படித்ததாம்.

"உச்சரிப்பு சரியான மோசம்," என்று சொல்லிக்கொண்டு அந்தப் பெண்மணி வெறும் தட்டைக் கழுவப் போட்டார். அவருக்கு அன்று நல்ல சந்தோஷம். பின்னேரம் என்னையும் அன்ரியையும் தன் காரிலேயே வீட்டில் இறக்கிவிட்டார்.