இருபது கிலோவுக்குக் கீழே

மருந்து விற்கிறவனை டாக்டர்கள் கடைசியாகத்தான் உள்ளே கூப்பிடுவார்கள். பதினோரு வருடங்களாகக் கால்நடை மருந்துக் கம்பெனியின் பிரதிநிதியாகப் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். அதில் பாதிக் காலம் காத்திருக்கும் பெஞ்சுகளில்தான் கழிந்தது. நான் சொல்லப்போகிற பெண்மணியையும் அப்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபடிதான் தெரிந்துகொண்டேன். நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் கவுன்ட்டரில் அவர் இருந்தார். எடை போடுவது, கார்டில் எழுதுவது, பில் போடுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வருகிறவர்கள் தராசக்கா என்பார்கள். அவர் என்னைவிட இரண்டு வயது சின்னவர் என்று தெரிந்த பிறகும் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைக் கூப்பிடுவது 'கம்பெனி' என்று.

கதவைத் திறந்ததும் இடது பக்கம் தரையோடு தரையாக எடை மேடை இருக்கும். மேலே ரப்பர் விரிப்பு, நகக் கீறல்களோடு. எண் தெரிகிற பெட்டியைப் பொருத்த வந்தவன் அதைக் கவுன்ட்டரின் உள்பக்கம் பார்க்கும்படி பொருத்திவிட்டுப் போய்விட்டான். அதனால் எண் தராசக்காவின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். நாயை நிறுத்துகிறவர் நாயைப் பார்க்கலாம், தராசக்காவின் முகத்தைப் பார்க்கலாம், சுவரில் இருக்கிற விலைப் பலகையைப் பார்க்கலாம். பெரும்பாலும் பலகையைத்தான் பார்த்தார்கள்.

அந்தப் பலகையில் எல்லாமே எடைப்படி. பத்து கிலோ வரை ஒரு விலை, பத்திலிருந்து இருபது வரை ஒரு விலை, இருபதைத் தாண்டினால் இன்னொரு விலை. உண்ணி மாத்திரையை அப்படி அடுக்கு அடுக்காக விற்பதில் எங்கள் கம்பெனிக்கும் பங்கு உண்டு, அதில் ஒரு நியாயமும் உண்டு. பெரிய உடம்புக்குப் பெரிய மாத்திரை. எக்ஸ்ரேவுக்கும் தையல் பிரிப்பதற்கும் எதற்கு எடை என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. எனக்கு ஆர்டர் வேண்டும்.

விலையைக் கேட்டதும் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதை அந்தப் பெஞ்சில் இருந்து நிறையப் பார்த்தேன். "ஒரு மாத்திரை மட்டும் வெட்டித் தருவீங்களா?" என்பார் ஒருவர். காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பின் விலையைக் கேட்டுவிட்டு, மறுநாள் அடி வெட்டிய பிளாஸ்டிக் வாளியை நாய்க்கு மாட்டிக்கொண்டு வருவார் இன்னொருவர். "அடுத்த மாசம் வரோம்" என்று சிரித்துக்கொண்டே போகிறவர்கள் அடுத்த மாதம் வருவதில்லை. தராசக்கா யாரிடமும் பரிதாபம் காட்ட மாட்டார். கறாராகத்தான் பேசுவார். "நீங்க எதாவது வளக்கறீங்களா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு இங்க குடுக்கற சம்பளத்துல நாய் கட்டுப்படியாகாது கம்பெனி. பொண்ணு காலேஜ் ஃபீஸ் ஒண்ணு, வீட்டுக்காரர் வண்டிக் கடன் ஒண்ணு. அதுங்களே போதும், ராத்திரி பகல் பாக்காம கொரைக்குதுங்க."

இங்கே வருவதற்கு முன் அவர் ஒரு பார்சல் ஆபீசில் ஒன்பது வருடம் எடை போட்டவர். அங்கேயும் அடுக்குதான். ஐந்து கிலோவுக்கு ஐம்பது கிராம் கூடினாலும் அடுத்த விலை. பிள்ளைகளுக்கு அனுப்புகிறவர்கள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, டேப்பைப் பிரித்து, எதையாவது ஒன்றை வெளியே எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுவார்களாம். எடுத்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற முகங்களைப் பற்றி அவர் சொல்லியிருக்கிறார்.

"பார்சல்னா ஒரு சட்டைய வெளிய எடுத்துடலாம். நாயில எதை எடுக்கறது?"

இதைச் சொன்ன அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. எனக்குப் புரிந்தது விற்பனைக் கணக்கிலிருந்து. மற்ற ஆஸ்பத்திரிகளில் எங்கள் மாத்திரையில் இருபது கிலோவுக்கு மேற்பட்ட ரகம் பாதிக்குப் பாதி போகும். இங்கே மட்டும் பெட்டிகள் தேங்கிக் கிடந்தன. நடு ரகம் மட்டும் பறந்தது.

"ஏங்க்கா, இங்க இருக்கற நாயெல்லாம் பத்தொன்பது கிலோவுலயே நின்னுடுதா?" என்று கேட்டேன்.

அவர் கார்டுகளை அடுக்கியபடியே, "மெதுவாப் பேசுங்க" என்றார்.

அவருக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். விளிம்பில் நிற்பதை மட்டும் உள்ளே இழுப்பது. இருபதரை, இருபதே முக்கால் என்று வந்தால் பத்தொன்பது எண்ணூறு என்று எழுதுவது. இருபத்துநான்கைத் தொட மாட்டார், முப்பதைத் தொட மாட்டார், காரில் வந்து இறங்குகிறவர்களைத் தொடவே மாட்டார். அரைக் கிலோவால் ஊசி மருந்தில் ஒன்றும் ஆகிவிடாது என்பது அவர் கணக்கு. அது சரியும்கூட. வருகிறவர்களுக்கு இது தெரியாது, அவர் சொல்லவும் மாட்டார். நானும் மேலே யாரிடமும் சொல்லவில்லை. என் டார்கெட் அடிவாங்கியது. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு டீ வாங்கிக் கொடுக்கிற ஒரே ஆள் அவர்தான்.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவருடைய நாய்க்கு வக்கீல் என்று பெயர். எதிர்க்கட்சி யாராக இருந்தாலும் வாதாடும், பால் வண்டியாக இருந்தாலும் சரி, எங்கள் டாக்டராக இருந்தாலும் சரி. அடர்ந்த முடி, உள்ளே உடம்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல முடியாது. போன வருடம் தடுப்பூசிக்கு வந்தபோது மேடையில் இருபத்திரண்டு அறுநூறு காட்டியிருக்கிறது. தராசக்காவின் சட்டப்படி அது தொடக் கூடாத எடை. ஆனால் மெக்கானிக் பலகையைப் பார்த்து உதட்டுக்குள்ளேயே கூட்டிக் கழித்துவிட்டு, கையில் எடுத்திருந்த நாய்த்தீனிப் பையைச் சத்தமில்லாமல் திரும்ப அலமாரியில் வைத்தார். தராசக்கா பத்தொன்பது எண்ணூறு என்று எழுதினார். ஏறக்குறைய மூன்று கிலோ. அவர் கணக்கிலேயே அது பெரிய தாவல்.

ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த முறையும் அதை ஒட்டித்தான் எழுத வேண்டும். நான்கு மாதம் கழித்துக் காது வலிக்காக வந்தபோது பத்தொன்பது தொள்ளாயிரம். அதற்கடுத்து பத்தொன்பது எண்ணூறு. பெட்டியில் தெரிந்த எண் வேறு. ஆனால் தராசக்கா அதில் பார்த்தது ஒன்றே ஒன்றுதான், இருபதுக்கு மேலா, கீழா.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் நான் போனபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"கம்பெனி, நம்ம வக்கீல் நெஜமாவே பத்தொன்பது எழுநூறு வந்துட்டான். இன்னைக்குப் பொய்யே எழுதல!"

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நாய் ஏன் இளைக்கிறது என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. ஒருவர் பத்து வருடமாக விலங்குகளை எடை போடுகிறவர், இன்னொருவன் பதினோரு வருடமாக அதுகளுக்கு மருந்து விற்கிறவன். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இருக்கும். மெக்கானிக் வேலைக்குப் போடுகிற நீலக் கோட்டில் வக்கீலைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். அது யாரையும் பார்த்துக் குரைக்கவில்லை. மேடையில் வைத்தார்கள், பதினேழு தொள்ளாயிரம். தராசக்கா அப்படியே எழுதினார். உள்ளே ஸ்கேன் எடுத்து முடித்து, டாக்டர் கார்டும் கையுமாகக் கவுன்ட்டருக்கே வந்துவிட்டார்.

"மண்ணீரல்ல கட்டி இருக்கு. கார்டைப் பாருங்க, வருஷம் பூரா எடை அப்படியே இருந்திருக்கு. திடீர்னு ரெண்டு மாசத்துல ரெண்டு கிலோ போயிருக்கு. இந்த வேகத்துல உருக்குதுன்னா கெட்ட ரகம்தான். ஊசி போட்டு நிம்மதியா தூங்க வெச்சிடறது நல்லது. ஆபரேஷன்னு போனா காசும் போகும், அவனும் போவான்."

"நல்ல கட்டியா இருக்கக் கூடாதா டாக்டர்?" என்றார் மெக்கானிக்.

"மெதுவா வளர்ற கட்டின்னா வெட்டி எடுத்துடலாம். பிழைக்கவும் செய்வான். ஆனா கார்டு அப்படிச் சொல்லலியே. வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க."

டாக்டர் அங்கேயே நின்று வேறொரு சீட்டைப் பார்க்க ஆரம்பித்தார். மெக்கானிக் என் பக்கத்தில் உட்கார்ந்து மனைவிக்கு ஃபோன் செய்தார். "ம்... தூங்க வெச்சிடலாம்கறாரு... இல்ல, நீ வர வேணாம், உன்னால பாக்க முடியாது... சரி... சரி, அழாத." ஃபோனை வைத்துவிட்டு, என்னை யாரென்று தெரியாமலேயே, என்னிடம் பேசினார்.

"ஒரு வருஷமா சொல்லிட்டிருந்தா சார். குளிப்பாட்டும்போது எலும்பு கைல தட்டுது, இவன் இளைக்கிறான்னு. எனக்கும் அப்படித்தான் பட்டுது. நான்தான் வீட்டுக்குக் குடுத்த கார்டைக் காட்டி, எழுதியிருக்கறதைப் பாரு, உன் கையை நம்பாதன்னு வாயை அடைச்சேன். இப்ப பாத்தா கார்டுதான் சரி. திடீர்னு வந்திருக்கு. நாம என்ன பண்ண முடியும்?"

ஒவ்வொரு வார்த்தையும் கவுன்ட்டருக்குக் கேட்டிருக்கும், நாலடி தூரம்தான். தராசக்கா பில் போடுகிற பேனாவை மூடினார். வேலை நேரத்தில் அவர் கவுன்ட்டரை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. அன்று வந்தார். பேசினால் வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். பேசாவிட்டால் ஐந்து நிமிடத்தில் உள்ளே ஊசி போட்டுவிடுவார்கள். இரண்டும் எனக்கும் தெரியும். நான் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சார், அந்தக் கார்டு தப்பு" என்றார் டாக்டரிடம். "போன வருஷம் அவன் இருபத்திரண்டு அறுநூறு. அப்புறம் இருபத்தொண்ணு ஐநூறு. அப்புறம் இருபது நானூறு. நான்தான் இருபதுக்குக் கீழ எழுதினேன். கடைசி ரெண்டுதான் நெஜம்."

டாக்டர் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"பில் கொறையும்னு சார்."

"எத்தனை கார்டுல இப்படி?"

"விளிம்புல இருக்கறது எல்லாத்துலயும்."

டாக்டர் கத்துகிற ஆள். அன்று கத்தவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. கார்டை மேஜையில் வைத்து, பழைய எண்களை அடித்து, தராசக்கா சொன்ன எண்களை எழுதி, வரிசையைப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கிடம் திரும்பினார். "ஒரு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா உருகியிருக்கான்னா கதை வேற. திறந்து பாக்கலாம். உறுதி சொல்ல மாட்டேன். ஆனா பாக்கலாம்." எவ்வளவு ஆகும் என்றும் சொன்னார். மெக்கானிக்கின் ஒன்றரை மாதச் சம்பளம் இருக்கும்.

மெக்கானிக் தராசக்காவையே பார்த்தார்.

"அப்ப அவ சொன்னதுதான் சரியா?"

"ஆமாண்ணா. அவங்க கைதான் சரி."

மெக்கானிக் மறுபடி நம்பரை அழுத்தி ஃபோனை நீட்டினார். "நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா."

தராசக்கா வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கம் முதலில் கேட்ட கேள்வி எனக்கும் கேட்டது. "முடிஞ்சிருச்சா?"

"இல்லம்மா, இன்னும் ஊசி போடல. நான் கவுன்ட்டர்லேருந்து பேசறேன்." பிறகு டாக்டரிடம் சொன்னது எல்லாவற்றையும், அதே எண்களை, அதே வரிசையில் சொன்னார். ஒன்றையும் மழுப்பவில்லை. "ஆமாம்மா, இளைச்சுக்கிட்டேதான் இருந்தான்... ஆமாம்மா, தெரிஞ்சுதான் எழுதினேன்." பிறகு ஃபோனை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வக்கீல் பிழைத்துக்கொண்டது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் நாயின் கதையைச் சொல்ல வரவில்லை. கட்டி நல்ல கட்டிதான், மூன்று வாரத்தில் பால் வண்டியோடு பழைய வழக்கைத் தொடங்கிவிட்டதாம். தராசக்காவை டாக்டர் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைப் பிடித்தார், எண் பெட்டியை எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளிப்பக்கம் திருப்பி வைத்தார். விலைப் பலகையை யாரும் மாற்றவில்லை. என் இருபது கிலோ பெட்டிகள் இப்போது மற்ற இடங்களைப் போலவே இங்கேயும் போகின்றன.

ஆனால் அன்று மெக்கானிக் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "ம்" என்றார். "எப்போலேருந்து காசு எடுத்து வெச்சிருக்க?" என்றார். மறுபடி "ம்" என்றார். ஃபோனைப் பையில் போட்டுவிட்டு, "பண்ணிடுங்க டாக்டர், பணம் சாயந்தரம் வந்துடும்" என்றார். டாக்டர் உள்ளே போனார். தராசக்கா கவுன்ட்டருக்குள் திரும்பிப் போய், மெக்கானிக் கையெழுத்துப் போட வேண்டிய தாளை எடுத்து வைத்தார். மெக்கானிக் பேனாவை வாங்கினார், உடனே எழுதவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லச் சொன்னதைச் சொல்கிற குரல்தான். "எங்களால முடியாதுன்னு அவங்களா எப்படி முடிவு பண்ணாங்க, ஒரு வார்த்தை கேட்டிருந்தா முழுசாவே குடுத்திருப்போமேன்னு சொல்லச் சொன்னா."