துலக்காத வரி

மழைக்கு நான் ஒதுங்கிய லூயிஷாம் தேவாலயத்தின் சுவரில் ஒரு பித்தளைத் தகடு. இங்கிருந்து வெறுங்கையோடு இலங்கைக்குக் கப்பலேறி, பெருந்தோட்டக்காரராகி, சட்டசபையிலும் அமர்ந்த வெள்ளைக்காரர் ஒருவரின் வாழ்க்கை அதில் ஆறு வரிகளாக இருக்கிறது. ஐந்து வரிகள் பளபளக்கின்றன. ஒன்று மட்டும் கறுத்துக் கிடக்கிறது: ‘ஆளில்லாக் காட்டைத் தோட்டமாக்கியவர்.’

தகட்டைத் துலக்கிக்கொண்டிருக்கும் யாழ்ப்பாணத்துப் பணியாளரிடம், “அந்த வரியை விட்டுட்டீங்களே?” என்கிறேன்.

“தெரிஞ்சுதான் விட்டனான், அண்ணை. சண்டைக்கு நாங்கள் ஓடின பிறகு, எங்கட ஊரையும் ஆளில்லாத இடமெண்டு ஆமிக்காரர் வேலி போட்டிட்டினம். இப்ப சமாதானப் பேச்செண்டினம், வேலி இன்னும் எடுக்கேல்லை.”

துணியை உதறி மடிக்கிறார்.

“வேலிக்கு உள்ளுக்குத்தான் என்ர கிணறு கிடக்கு. ஆளில்லாத இடத்தில அதை ஆர் வெட்டினது, சொல்லுங்கோ?”