உயிரும் கேட்டேன், பிள்ளையும் கேட்டேன்

அம்மன் சந்நிதியில் கூடியிருக்கும் அக்கா தங்கச்சிமார்களே, எனக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. சாமியிடமும் நான் அப்படித்தான். கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அது எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்து மூன்று வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா அதிகம் பேசமாட்டார். அவர் பங்கையும் சேர்த்து அம்மாவும் நானும் பேசித் தீர்த்துவிடுவோம். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. ஒரு காலை, பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் சங்கிலியை மாட்டினேன். கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலியே இல்லை. நெறிக்கட்டு என்று அம்மா மஞ்சள் பற்றுப் போட்டார். ஒரு மாதமாகியும் கரையவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்.

பெரிய டாக்டர் ஒரு சீனர். நோய் எதுவரை இறங்கியிருக்கிறது என்று வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும், அதன் பிறகு கழுத்திலிருந்து அடிவயிறுவரை கதிர் சிகிச்சை என்று மலாயில் சொன்னார். எல்லாவற்றையும் அம்மாவைப் பார்த்தே சொன்னார். நோய் எனக்கு, பேச்சு அம்மாவிடம்! நான் குறுக்கே புகுந்து கேட்டேன், பின்னால் எனக்குக் குழந்தை பிறக்குமா என்று. அடிவயிற்றில் கதிர் பட்டால் கருமுட்டைப் பைகள் செத்துவிடும், பிறக்காது என்றார். "முதலில் உயிரைப் பார்ப்போம்" என்று ஃபைலை மூடினார்.

வெளியே வந்ததும் அம்மா என் கையைக் கிள்ளினார். "கல்யாணமே ஆகல, அதுக்குள்ள ஆம்பள டாக்டர்கிட்ட போயி புள்ள பொறக்குமான்னு கேட்கிறா பாரு! மானம் போச்சு. உசுரு பொழச்சா போதும்டி."

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அம்மா மறைவில் அழுதார், நான் எல்லோர் முன்னாலும் அழுதேன். இப்படி வாழ்வதற்குச் செத்துப்போகலாமே என்றுகூட நினைத்தேன். பொய் சொல்லமாட்டேன், நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனேன். எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கத்து மாரியம்மன் கோவில்தான். வந்தவர்களெல்லாம் உயிர்ப்பிச்சை கேளும்மா, அது போதும்மா என்றார்கள். போதும், போதும். என் வாழ்க்கைக்கு எது போதும் என்று ஆளாளுக்கு முடிவு செய்கிறார்களே! எனக்கு வந்ததே ஆத்திரம். அம்மனுக்கு நேராக நின்று வாய்விட்டே கேட்டேன். "நீயும் பொம்பளதானே? எனக்கு உசுரும் வேணும், புள்ளையும் வேணும். ஒண்ணக் கொடுத்துட்டு ஒண்ணப் பிடுங்கிக்கிற பேரமெல்லாம் என்கிட்ட வேணாம்." பூசாரி விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று நின்றேன்.

திங்கட்கிழமை கதிர் சிகிச்சைப் பிரிவில் என் உடம்பை அளவெடுத்தார்கள். அங்கே ஜைனாப் அக்கா என்று ஒருவர், மிஷினை இயக்குகிறவர். கதவைச் சாத்திவிட்டு மலாயும் கொஞ்சம் தமிழுமாகக் கலந்து சொன்னார். "உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலதானே, கான்? வயித்த எப்படியும் தொறக்கத்தான் போறாங்க. அப்பவே அந்த முட்டைப் பைய நகர்த்தி, நடுவுல கர்ப்பப்பைக்குப் பின்னால வச்சுத் தைக்க முடியும் லா. அந்த இடத்துக்கு நேரா ஈயக்கட்டி வச்சு நாங்க மறைச்சிடுவோம். ஆனா நீதான் வாய் தொறந்து கேட்கணும். ஒப்பரேஷனுக்கு முன்னாடி கேட்கணும். கதிர் லைட் போட்ட பிறகு கேட்டா ஒண்ணும் செய்ய முடியாது."

அம்மன் பதில் சொல்ல யாரை வேண்டுமானாலும் அனுப்புவாள். அன்றைக்கு, தொழுகைக்கு நேரமாச்சு என்று பறந்துகொண்டிருந்த ஒரு மலாய்க்கார அக்காவை அனுப்பினாள்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் நர்ஸ் மிஸ்ஸி கையெழுத்துக்குத் தாளைக் கொண்டுவந்தார். டாக்டர் வராமல் போடமாட்டேன் என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். டாக்டர் வந்தார், முகம் சிவந்திருந்தது. பையை நகர்த்தி வைக்கச் சொல்லிக் கேட்டேன். யார் சொன்னது என்றார். அதை நான் சொல்லவில்லை. பலிக்கும் என்று உறுதி கொடுக்க முடியாது என்றார்.

"உறுதி கேட்கல டாக்டர். செஞ்சு பாருங்கன்னுதான் கேட்கிறேன்."

அன்றுதான் அந்த மனிதர் முதல்முறையாக அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "செய்கிறேன். உள்ளே ஏதாவது ஆபத்து என்றால் அதை விட்டுவிட்டு உயிரைத்தான் பார்ப்பேன்" என்றார். அது நியாயம். கையெழுத்துப் போட்டேன்.

வயிற்றில் நீளமாக ஒரு தையல். அப்புறம் வாரக்கணக்கில் கதிர். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. பிடரியில் முடி கொட்டியது. மாதவிலக்கு நின்றுபோனது. ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம். நோய் அடங்கிவிட்டது என்றார்கள், அது மட்டும் வரவில்லை. "அம்மன் ஒண்ணத்தான் கொடுத்தா. அதுக்கு சந்தோஷப்படுடி" என்றார் அம்மா. நான் ஒவ்வொரு வெள்ளியும் போய்ச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

என் உயிருக்காக அம்மா பால்குடம் நேர்ந்திருந்தார். ஆடி மாதம் வந்தது. விரதம் இருந்து, மஞ்சள் சேலை கட்டி, கோவில் வாசலில் வரிசையில் நின்றேன். பால்குடம் கையில். தலையில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. அப்போது அடிவயிற்றில் ஒரு வலி இழுத்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா காதில் சொன்னேன்.

அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. "ஐயோ, தடங்கலாயிடுச்சே! கோவில் வாசல்லயா வரணும்?" பின்னால் நின்றவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அம்மனுக்கு ஏதோ குறை, அதான் பால்குடத்தை ஏற்கவில்லை என்று ஒருத்தி சொன்னாள். தள்ளிப் போம்மா, தீட்டு என்றாள் இன்னொருத்தி.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். "தடங்கலா? ஒரு வருஷமா இதுக்குத்தானேம்மா கேட்டுக்கிட்டு இருந்தேன்! கொடுத்துட்டா பாரு!"

அம்மா என்னை உற்றுப் பார்த்தார். சட்டென்று அவருக்கு எல்லாம் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார். என் கையிலிருந்த குடத்தை வாங்கித் தன் தலையில் ஏற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே நடந்தார். நான் வெளியே சாலையில் நின்றேன். அங்கேயும் நிற்கக்கூடாது என்றார்கள். நின்றேன். ஓம் சக்தி என்று நான் போட்ட சத்தம் உள்ளே கருவறைவரை கேட்டதாக அம்மா பிறகு சொன்னார்.

பிள்ளைக்குச் சில வருடம் பொறுக்கச் சொன்னார் டாக்டர். பொறுத்தேன். கிள்ளானிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். காப்பியை வைத்த கையோடு நோயையும் தையலையும், பிள்ளை பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம் என்பதையும் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். மாப்பிள்ளை வைக்கவில்லை. "புள்ள பொறக்கும்னு எனக்கும் யாரும் எழுதிக் கொடுக்கல லா" என்று முழுதும் குடித்தார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

எல்லாம் உடனே நடந்துவிடவில்லை. முதல் கரு மூன்றாம் மாதமே கலைந்தது. அன்றும் அம்மனிடம் போய் அழுதேன், திட்டினேன். அதற்கு அடுத்த வருடம் என் மகள் சித்ரா பிறந்தாள்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்? மேரு என்ற ஊரிலிருந்து வந்திருக்கும் ஒரு தாய் இங்கே உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பெண்ணுக்கும் புற்றுநோய், அடுத்த வாரம் மருந்து ஏற்றப் போகிறார்கள். பதினாறு வயசுதானே, இப்போது போய்ப் பின்னால் பிள்ளை பிறக்குமா என்று எப்படிக் கேட்பது என்று கூச்சப்படுகிறார். அம்மா, கூச்சத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாங்க. திங்கட்கிழமை நானும் உங்களோடு வருகிறேன். டாக்டர் முடியும் என்பார், முடியாது என்பார், அது வேறு. மருந்து ஏறும் முன்னால் கேட்டாக வேண்டும். சாமியிடம் கேளுங்கள், டாக்டரிடமும் கேளுங்கள். அதிகம் கேட்டதற்காக அம்மன் என்னை ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

அதோ, கடைசி வரிசையில் சித்ரா கைக்கடிகாரத்தைக் காட்டுகிறாள். "அம்மா, போதும்மா, பஸ் போயிடும்" என்கிறாள். போகட்டும். அவளுக்காக நான் காத்திருந்தேன். எனக்காக அவள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.