சனிக்கிழமை ஸ்வெட்டர்

சிவப்பு ஸ்வெட்டர் திங்கட்கிழமை. பச்சை செவ்வாய். பூப்போட்ட மஞ்சள் புதன். இப்படி ஏழு ஸ்வெட்டர்களை ஒரு பையில் திணித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் நவமணி ஒன்பதாம் நம்பர் மலையில் ஏறிவிடுவாள். கவிழ்த்து வைக்க ஒரு பழைய கூடை, அதன்மேல் போனைச் சாய்த்து வைக்க ஒரு செங்கல், இரண்டையும் தூக்கிக்கொண்டு அவள் புருஷன் தங்கையா முணுமுணுத்தபடி பின்னால் வருவார். வாரத்தில் ஆறு நாள் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிற மனுஷன். ஏழாவது நாளாவது இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம் என்று பார்த்தால், பெண்டாட்டி படம் பிடிக்கக் கூப்பிடுகிறாள்.

"மணி, புதன்கிழமைக்கு மூக்குத்தி மாத்தலையா?"

"மூக்குத்தியை எவன் பார்க்கிறான்? சீக்கிரம் பிடிங்க, மூடுபனி வந்துடும்."

மதியத்துக்குள் ஏழு வீடியோ. ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கேள்வி. கேள்விகளை அவள் வாரம் முழுவதும் கிழித்துப் போட்ட காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதிச் சேர்த்திருப்பாள். தேயிலை ஏன் இடுப்புக்கு மேல் வளருவதில்லை? (வளரும். நாம்தான் விடுவதில்லை. விட்டால் மரமாகிவிடும்.) இவ்வளவு பூக்கிறதே, தேயிலைப் பூவை ஏன் யாரும் தலையில் வைப்பதில்லை? எங்கள் எஸ்டேட்டில் பன்னிரண்டாம் நம்பர் மலை இருக்கிறது, பதினாலாம் நம்பர் மலை இருக்கிறது, பதின்மூன்று ஏன் இல்லை? இதற்கு மட்டும் இன்றுவரை யாருக்கும் பதில் தெரியாது. தெரியாது என்பதையே அவள் ஒரு வீடியோவாகப் போட்டாள். கடைசியில் எப்போதும் போனைப் பார்த்துக் கேட்பாள்: "உங்க ஏன் என்ன? கீழ எழுதுங்க."

கேள்வி அவளுக்கு நேற்று முளைத்ததல்ல. பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார் அவளை 'ஏன்மணி' என்றுதான் கூப்பிட்டார். எஸ்டேட் லயத்து வீடுகளில் இருந்த பெண்களும் அப்படியே கூப்பிட்டார்கள். சாவு வீட்டில்கூடப் பறையடிக்கிறவரிடம் போய், தோலை ஏன் நெருப்பில் காட்டுகிறீர்கள் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள். நாற்பத்து நாலு வயதாகியும் அந்தப் புத்தி போகவில்லை.

ஞாயிறு சாயங்காலம் ஏழு வீடியோக்களும் ஈப்போவில் படிக்கும் மகள் தனுஜாவுக்குப் போகும். அவள் வெட்டி ஒட்டி, கீழே மலாயில் எழுத்துப் போட்டு, நாளுக்கு ஒன்றாகக் காலை ஏழு மணிக்குத் தானாக வெளியே போகும்படி வைத்துவிடுவாள். அந்த நேரத்தில் நவமணி, வேலைக்கு வந்த ஆட்களைக் கணக்கெடுக்கிற பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலையேறிக்கொண்டிருப்பாள். பச்சை ஸ்வெட்டர் போட்ட இன்னொரு நவமணி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருப்பாள். அதை நினைத்தால் அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வரும்.

இதெல்லாம் விளையாட்டுக்காக என்று நினைத்துவிட வேண்டாம். அவளுடைய இடது முட்டி போய்விட்டது. இனிமேல் மலை ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னபோது, "மலையில வேலை பார்க்கிறவகிட்ட மலை ஏறாதேன்னா எப்படி டாக்டர்?" என்று கேட்டுவிட்டு வந்தாள். அப்போதுதான் எஸ்டேட்டில் சுற்றுலாக்காரர்களுக்கென்று புதிதாக ஒரு கட்டடம் கட்டி முடித்திருந்தார்கள். வருகிறவர்களுக்குத் தேயிலையைப் பற்றிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். உட்கார்ந்து பார்க்கிற வேலை. துணை மேனேஜரான சின்ன துரை யோகேந்திரன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கோலாலம்பூர்க்காரர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"தினம் ஒரு வீடியோ போடுங்க, ஒரு மாசத்துக்கு. ஒரே இடத்துல நின்னு பேசணும். மலை நாளுக்கு நாள் எப்படி இருக்குன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியணும். நல்லா போச்சுன்னா அந்த வேலை உங்களுக்குத்தான்."

தினம் என்று சொல்லிவிட்டார். விடிவதற்குள் பெரட்டு, மதியம் மூடுபனி, சாயங்காலம் மழை. எந்தத் தினத்தில் எடுப்பது? பிரிஞ்சாங்கில் ராத்திரிச் சந்தை கூடுகிற பாசார் மாலாமில், குவித்துப்போட்டு விற்கிற கடையில் ஏழு ஸ்வெட்டர்களைப் பொறுக்கியபோது தன் மூளையை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

இரண்டு வாரம் அமோகமாகப் போயிற்று. கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் கேள்விகள் வந்தன. மூன்றாவது வாரம் சனிக்கிழமை, வேலை முடிந்து கால் கழுவிவிட்டுப் போனைத் திறந்தாள். ஊதா ஸ்வெட்டர் போட்ட சனிக்கிழமை நவமணி சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கீழே, முகம் இல்லாத ஒரு பேர்வழி, 'ஒன்பதாம் மலை' என்ற பெயரில் எழுதியிருந்தது:

"அக்கா, உங்க இடது கைகிட்ட நீட்டிக்கிட்டு நிக்கிற கொழுந்த வியாழக்கிழமையே மிஷின் மேஞ்சிடுச்சே. சனிக்கிழமை எப்படி நிக்குது? ஏன்?"

நவமணி அதை இரண்டு தடவை படித்தாள். வியாழக்கிழமை ஒன்பதாம் மலையில் கொழுந்து வெட்டியது உண்மை. வெட்டியது யார்? அவளேதான். இரண்டு பேர் வரிசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பிடிக்கிற மிஷினின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் செடியைத் தன் கையாலேயே மொட்டையடித்திருக்கிறாள். அப்போது ஞாபகம் வரவே இல்லை.

தங்கையா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "உனக்கு ஏழு ஸ்வெட்டர் மாத்தினே, கொழுந்துக்கு மாத்த மறந்துட்டியே!"

"சிரிக்காதீங்க. துரை பார்த்தா என் வேலை போச்சு."

தனுஜா போனில் பதறினாள். "அழிச்சிருங்கம்மா. அந்த ஆளைப் பிளாக் பண்ணிடலாம். ரெண்டு நிமிஷ வேலைலா."

விரல் அழிக்கிற இடத்துக்குப் போய்விட்டது. ஆனால் அழிக்கவில்லை. அந்தக் கடைசி 'ஏன்?' அவளை விடவில்லை. உங்க ஏன் என்ன என்று மூன்று வாரமாக ஊரையே கேட்டாயிற்று. வந்ததைத் துடைத்துப் போட்டால் அப்புறம் எந்த முகத்தோடு இன்னொரு தடவை கேட்பது? அதோடு, யார் இது? அது தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பே நடக்கவில்லை. தங்கையா தூங்கினார், அவள் யோசித்தாள்.

ஒன்பதாம் மலை வியாழக்கிழமை வெட்டப்பட்டது கோலாலம்பூரில் இருப்பவருக்குத் தெரியாது. அன்றைக்கு அங்கே வேலை பார்த்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். திங்கட்கிழமை பெரட்டில் நின்றுகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கங்காணி ரெங்கசாமியாக இருக்குமோ? சீ, அவருக்குப் போனில் தமிழ் எழுத வராது, எல்லாமே மலாயில்தான். வசுமதியாக இருக்குமோ? அவள் போன் உடைந்து ஒரு மாதமாகிறது. பார்க்கப் பார்க்க எல்லாருமே திருட்டுமுழி முழிப்பதாகத்தான் அவளுக்குத் தோன்றியது.

அன்றைக்கு ஆறாம் மலை. நவமணி மிஷினின் கைப்பிடி முனையைப் பிடித்தாள். வரிசைக்கு அந்தப் பக்கம், மோட்டார் முனையில் புவனேஸ். ஒன்பது வருஷமாக அவள்தான் ஜோடி. சாதாரணமாக வாய் ஓயாது பேசுகிறவள் அன்றைக்கு உம்மென்று வந்தாள். பாதி மலை முடிந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்தாள்.

"அக்கா, இந்த ரெண்டு வரிசையையும் மேஞ்சிட்டு டீ குடிக்கலாம்."

நவமணி அப்படியே நின்றுவிட்டாள். மேய்வது! சனிக்கிழமைக் கேள்வியிலும் இதே சொல்தான்; மற்றவர்களெல்லாம் 'வெட்டுவது' என்பார்கள். மிஷினை ஆடு மாதிரி மேயவிடுகிறவள் இந்த எஸ்டேட்டிலேயே ஒருத்திதான்.

"ஏ புவனேஸ், நீயா?"

புவனேஸ் மறுக்கவில்லை. மிஷினைச் செடிமேல் இறக்கி வைத்தாள்.

"ஆமா, நான்தான். என்ன இப்போ?"

"என்ன இப்போவா? என் வேலை போயிடும்னு தெரியாதா உனக்கு? ஏன்டி இப்படிப் பண்ணே?"

"எந்த வேலைக்கா?" புவனேஸுக்குக் குரல் ஏறிவிட்டது. "மேல கட்டடத்துல வேலைக்குப் போகப்போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? கங்காணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிள்ளான்ல இருக்கிறவனுக்கெல்லாம் கதை சொல்றே. ஒன்பது வருஷமா நாலு அடி தள்ளி நிக்கிறேன். எனக்குச் சொல்ல மாட்டே!"

"இன்னும் முடிவாகலை, அதான்..."

"ஊரையே ஏன் ஏன்னு கேட்கிறியே, ஏன் எப்பவும் மோட்டார் பக்கம் நானே நிக்கிறேன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

நவமணி மிஷினைப் பார்த்தாள். மிஷினில் மோட்டார் இருக்கிற முனைதான் கனம். மற்ற ஜோடிகளெல்லாம் மதியத்துக்கு மேல் பக்கம் மாற்றிக்கொள்வார்கள். இவர்கள் மட்டும் மாற்றுவதே இல்லை. எப்போது நின்றது அது? நாலு வருஷத்துக்கு முன்னால், மழையில் சறுக்கி முட்டி பிசகிய அந்த ஆகஸ்ட் மாதத்தில். இரண்டு வாரம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பியபோது புவனேஸ் மோட்டார் பக்கம் போய் நின்றுகொண்டாள். அதற்கப்புறம் அங்கேயேதான் நிற்கிறாள். தேயிலைப் பூவுக்கெல்லாம் காரணம் தேடியவளுக்கு இது கண்ணில் படவே இல்லை.

"நீ சொல்லியிருக்கலாமே புள்ள," என்றாள் கடைசியில். சொன்னதுமே அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது.

"அழாதக்கா. அழுதா மிஷின் தானா மேயாது." புவனேஸுக்கும் கண் கலங்கியிருந்தது. "நீ போயிட்டா அந்தப் பக்கம் நேப்பாள்காரப் பையன் ஒருத்தனைப் போடுவாங்களாம். அவன்கிட்ட நான் என்னத்தைப் பேசறது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு வீடியோதான் எடுத்தார்கள். மொட்டையடித்த அதே செடிக்குப் பக்கத்தில், ஏழு ஸ்வெட்டர்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, கையை மடக்கக்கூட முடியாமல் நவமணி நின்றாள். பக்கத்தில் புவனேஸ். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிப் புவனேஸ் கையில் கொடுத்தாள். இது திங்கள். இது செவ்வாய். எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமைதாங்க. ஆறு நாள் நான் மலையில நிக்கிறேன், ஏழாவது நாள்தான் பேச முடியும். பொய் சொன்னது தப்பு. எனக்கு ஸ்வெட்டர் மாத்தத் தெரிஞ்சுது, கொழுந்துக்கு மாத்தத் தெரியல. கண்டுபிடிச்சது இவங்க, புவனேஸ். கொழுந்து வெட்டுற மிஷின்ல கனமான பக்கம் இவங்க பக்கம்.

கடைசியில் வழக்கம்போலக் கேட்டாள், ஆனால் போனைப் பார்த்து அல்ல. புவனேஸ் பக்கம் திரும்பி, "உன் ஏன் என்ன?" என்றாள். புவனேஸ் வெட்கப்பட்டு ஏழு ஸ்வெட்டர்களிலும் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதோடு வீடியோ முடிந்தது.

செவ்வாய்க்கிழமை துரை கூப்பிட்டனுப்பினார். ஆபீஸ் வாசலில் நவமணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"தினம்னு சொன்னேன் இல்லையா?" என்றார் அவர்.

"சொன்னீங்க துரை. தினம் முடியாதுன்னு அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

அவர் போனை எடுத்து, சனிக்கிழமை வீடியோவையும் கடைசி வீடியோவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இருபத்தோரு வீடியோவையும் பார்த்தேன். எனக்குத் தெரியவே இல்லை," என்றார். அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது போல. "வெட்டினா திரும்ப எத்தனை நாள்ல வளரும்?"

"மூணு வாரம் துரை."

"அப்போ தினம் எவ்வளவு வளரும்?"

நவமணி விரலில் அளந்து பார்த்தாள். இருபத்தாறு வருஷமாகக் கொழுந்து வெட்டுகிறாள். வளர்ந்த பிறகு போய் வெட்டியிருக்கிறாளே தவிர, வளருவதை ஒரு நாளும் பார்த்ததில்லை. "தெரியாது துரை. பார்த்துச் சொல்றேன்," என்றாள். துரை சிரித்துவிட்டார். அடுத்த மாதம் பாதியிலிருந்து மேலே கட்டடத்துக்கு வரச் சொன்னார்.

அவள் மலையில் நிற்கப்போகும் கடைசி வியாழக்கிழமை, கொழுந்து வெட்டுகிற சுற்று மறுபடியும் ஒன்பதாம் மலைக்கு வந்தது. இந்தத் தடவை நவமணி முந்திக்கொண்டு போய் மோட்டார் முனையைப் பிடித்தாள். அக்கா முட்டி, முட்டி என்று புவனேஸ் கத்தியும் விடவில்லை. ஒரே ஒரு வரிசை. முட்டி விண்விண்ணென்று தெறித்தது. ஒன்பது வருஷத்தில் நாலு வருஷம் இப்படியா என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். அந்தச் செடிக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்தினாள்.

"இந்த ஒரு கொழுந்தை விட்டுடலாம்."

"ஏன்?" என்றாள் புவனேஸ்.

"திங்கட்கிழமையிலேர்ந்து நான் இங்க இல்ல. நீ தினம் இது எவ்வளவு வளருதுன்னு பார்த்து எனக்குச் சொல்லணும்."

புவனேஸ் அந்தக் கொழுந்தையும் பார்த்தாள், அக்காவின் முட்டியையும் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மோட்டார் பக்கம் வந்து அவளைத் தள்ளினாள்.

"தினமெல்லாம் முடியாதுக்கா. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. ஏழு நாளுக்கும் சேர்த்து மொத்தமாச் சொல்றேன்."