நான்காவது வரிசை

1. கரண்டு போயிற்று.
2. திரும்பி வந்ததும், செல்களை உடல்சூட்டில் வைத்திருக்க வேண்டிய பழைய இன்குபேட்டர் நாற்பத்தாறு டிகிரிக்கு எகிறியது.
3. உள்ளே வைத்திருந்த தட்டின் நான்கு வரிசைகளிலும் புற்றுசெல்கள் செத்துப்போயின.
4. எங்கள் கைடு நான்காவது வரிசையை மட்டும் பார்த்துவிட்டு லட்டு வாங்கி வரச் சொன்னார்.

2012 கோடை அது. முனைவர் பட்டத்துக்காகக் கடலூரிலிருந்து சிதம்பரத்து ஆய்வகம் ஒன்றுக்கு நான்கு ஆண்டுகளாகத் தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு. அதில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள். முதல் வரிசையில் புற்றுசெல்கள் மட்டும். இரண்டாவதில் அவற்றோடு, ரத்தத்திலிருந்து பிரித்த, புற்றைத் தாக்கும் இயற்கைக் கொல்லி செல்கள். மூன்றாவதில், அந்தக் கொல்லிகளை அளவோடு அடக்கிவைக்கும் டி செல்களும் சேரும். நான்காவதில் இவை எல்லாவற்றோடும் கைடின் மூலிகைச் சாறு. சாறு டி செல்களின் பிடியைத் தளர்த்தும், கொல்லிகள் புற்றுசெல்களைத் துவம்சம் செய்யும் என்பது அவர் நம்பிக்கை. நம்பிக்கை என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அது நடக்கவில்லை.

மைக்ரோஸ்கோப்பில் குனியும்முன் கைடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டுவார். அவர் நிமிரும்வரை நான் அதை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். அன்றும் நின்றேன். செத்த செல்கள் சாயம் ஏறி நீலமாகத் தெரியும். நான்காவது வரிசை முழுக்க நீலம்.

“சார், கொல்லி செல்லே போடாத மொத வரிசையிலயும் எல்லாம் செத்துக் கெடக்கு.”

“அத யாரும்மா பாக்கச் சொன்னது?”

உதவியாளர் அண்ணன் கதவருகிலிருந்து சொன்னார்: “சூடு ஏறிடுச்சு சார். முட்டைய வெச்சிருந்தா வெந்திருக்கும்.”

“நீ போயி லட்டு வாங்கிக்கினு வாய்யா.” பிறகு என்னிடம் திரும்பினார். “மொத மூணு வரிசைய போன மாசத் தட்டுலேருந்து எடுத்துக்க. நாலாவது இதுலேருந்து. எழுதிக் கையெழுத்துப் போடு, ஆறு மாசத்துல டாக்டரம்மா ஆயிடுவ. மாட்டேன்னா நாளைலேருந்து பஸ் காசு மிச்சம்.”

கொல்லி செல்லுக்குக்கூடப் பக்கத்தில் ஒரு செல் நின்று ‘போதும்’ என்கிறது. அவரிடம் அதைச் சொல்ல அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவரை லட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் அவர் கண்ணாடியை மேசைமேல் வைத்தேன். லட்டு வந்தது. பசித்தது, தின்றேன். கையெழுத்துப் போடவில்லை. தட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இப்போது கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். தட்டு என் மேசையில் இருக்கிறது. சாயம் காய்ந்து, நான்கு வரிசைகளும் ஒரே நீலம். கட்டுரை வெளிவந்தது, அதில் நான்காவது மட்டும் முழு நீலம். என் பெயர் அதில் இல்லை. பட்டமும் எனக்கு இல்லை.