பருத்திக் காட்டில் ஒரு டிராயிங் பீரியட்

குன்னம் பக்கத்து அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்த முதல் நாள். எட்டாம் வகுப்பில் "இயற்கைக் காட்சி வரைங்க" என்றேன். கொஞ்ச நேரத்தில் எல்லா நோட்டிலும் ஒரே படம். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, கரையில் தென்னை.

"இந்த எடத்த யாராச்சும் பாத்திருக்கீங்களா?"

"இல்ல டீச்சர்."

"அப்புறம் எப்படி வரைஞ்சீங்க?"

"சீனரின்னா இதான டீச்சர்!" என்றாள் வளர்மதி. எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்பதுபோல இருந்தது அவள் குரல்.

ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு. பருத்தி பூத்திருந்தது. மறுவாரம் தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப்போய் வரப்பில் உட்கார வைத்தேன். மண் கறுப்பா, சாம்பலா என்று அவர்களுக்குள் சண்டை. "இன்னைக்குப் பூத்தது மஞ்ச டீச்சர், நேத்து பூத்தது செவப்பு" என்று எனக்கே நிறம் பிரித்துச் சொன்னார்கள்.

அது வளர்மதி வீட்டுக் காடு. மறுநாள் காலையில் அவள் அப்பா கோபமாகப் பள்ளிக்கு வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, காட்டுல கெடந்து நாங்க படறது போதாதா? எம்புள்ளைக்கு அது வேணாம்னுதான் படிக்க அனுப்புறேன். நீங்க திரும்ப அங்கயே கொண்டுபோயி உக்கார வைக்கிறீங்க. அந்தப் பீரியட்ல அவ கணக்குப் போடட்டும்."

தா.பழூரில் நெல் விவசாயம் பார்க்கும் என் அப்பாவும், காலில் சேறு படாமல்தான் என்னை வளர்த்தார். வரப்பில் உட்கார்ந்து வளர்மதி வரைந்த படத்தை எடுத்து நீட்டினேன். களை வெட்டும் ஒரு மனிதர், பின்னாலிருந்து பார்த்தபடி.

"இது யாரு?"

"நீங்கதாங்க."

அவர் வெகுநேரம் பார்த்தார். "எம் முதுவு இப்படியா கூனிப் போச்சு?"

வாசலில் நின்ற வளர்மதி மெதுவாகச் சொன்னாள். "ரொம்ப நாளாவே அப்படித்தாம்ப்பா இருக்கு. சோறு கொண்டாறப்பல்லாம் பின்னால நின்னு பாக்குறேன்ல."

அவர் கை தானாக முதுகைத் தடவியது. கணக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அடுத்த டிராயிங் பீரியடுக்குக் காட்டுக்குப் போனோம். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் மண்வெட்டி. கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல விறைப்பாக நின்றார் மனிதர்.

"இப்ப வரையச் சொல்லுங்க. நிமிந்து நிக்கிறேன்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வளர்மதி மட்டும் சிரிக்காமல் வரைந்தாள்.

அந்தச் சனிக்கிழமையே தா.பழூருக்கு பஸ் ஏறினேன். அப்பா வயலிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். "அப்படியே இருங்கப்பா" என்று பென்சிலை எடுத்தேன்.

"என்னயப் போயி எதுக்கும்மா? கொள்ளிடத்த வரை, கோயில் தேர வரை" என்றார். ஆனாலும் எழுந்து போகவில்லை. முதலில் கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு தானாகவே பேச ஆரம்பித்தார். இளவயதில் கூத்தில் பெண் வேஷம் கட்டியதையும், மீசை எடுத்ததற்காகத் தாத்தாவிடம் அடி வாங்கியதையும் அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வேலையில் சேரும் ஓவிய ஆசிரியர்கள், முதல் வகுப்பில் என்ன வரையச் சொல்லலாம் என்று கேட்பார்கள். வீட்டு ஆட்களை வரைந்து வரச் சொல்லுங்கள் என்பேன். கை திருந்துவது மெதுவாக நடக்கட்டும். ஒருவரை வரைய வேண்டுமானால் அவர் எதிரே கொஞ்ச நேரமாவது வேறு வேலையில்லாமல் உட்கார வேண்டும். பெற்றவர்கள் முன் அப்படி உட்கார எனக்கு வேறு சாக்கு கிடைத்ததே இல்லை.